ஆஸாமில் குறைந்த பத்து மரக்கால்

முதலில் தப்புச் செய்தவன் நெகூனியா.

எங்கள் கலிலேய ஊரில் ஏழைகளுக்கான தானியம் சேரும் களஞ்சியத்துக்கு அவன்தான் காவல். அதை ஆஸாம் என்போம். வேதத்தில் இரண்டே இடத்தில் வரும் சொல்லாம், படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கென்ன தெரியும்?

ஒரு அறுப்பின்போது நான் கொண்டுபோன பார்லி மூட்டையை ஊரார் முன்னால் பிரித்து, ஒரு கை அள்ளி ஊதினான்.

"ஏழைக்குத்தானேன்னு பதரைக் கொண்டாந்தியா, யாக்கீம்? போய்ப் புடைச்சுக் கொண்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மறக்கவில்லை.

மூன்று வருடம் பொறுத்து, ஊர்க்கூட்டத்தில் எழுந்தேன்.

"ஆஸாமை அளக்கணும்."

பெரியவர்கள் தயங்கினார்கள். அளந்த தானியத்தில் கடவுளின் ஆசி இறங்காது. கண்ணுக்கு மறைந்திருந்தால்தான் பெருகும் என்பது எங்கள் வழக்கம்.

"ஆசி பெருகுதா, அவன் தொந்தி பெருகுதான்னு பார்த்துடுவோமே!"

இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம்.

அளந்தார்கள். அவரவர் கொடுத்ததைச் சொன்னார்கள். ஊரறிய வாங்கும் ஐந்து ஏழை வீடுகளுக்குப் போனதைக் கழித்தார்கள். பத்து மரக்கால் குறைந்தது.

"யாருக்குக் கொடுத்தே?" என்றேன்.

"வாங்கினவங்க பேரைச் சொல்றதில்ல."

"அப்போ நீயே தின்னுட்டே."

நெகூனியா என்னை ஒரு தரம் பார்த்தான். சாவியை வைத்துவிட்டுப் போனான். அதன்பின் அவன் ஷாலோம் சொன்னால்கூட யாரும் பதில் சொல்லவில்லை. சாவி என் கைக்கு வந்தது.

வீட்டில் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி யோவன்னாள் சிரிக்கவில்லை.

"போன மழைக்காலம் நீங்க கால் உடைஞ்சு கிடந்தப்போ, என் அண்ணன் அனுப்பினான்னு ரொட்டி சுட்டுப் போட்டேனே…"

"ஆமா. நல்ல பார்லி."

"அண்ணனுக்கே சோத்துக்கு வழியில்ல! அது நெகூனியா கொடுத்தது. 'அவனுக்குத் தெரிஞ்சா வாயில வைக்க மாட்டான், சொல்லாதே தங்கச்சி'ன்னார். எழுந்து போய் ஊர்ல சொல்லுங்க!"

போயிருப்பேன். ஆனால் என்னைக் கேட்காமல் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறான். இது அவன் செய்த இரண்டாவது தப்பு. இரண்டுக்கும் அவன் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் சொல்கிறேன்.

ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.