தோளை இறுக்கிய கோட்டு

ஆடை வடிவமைப்புப் படிப்பை முடித்த கையோடு மகிழினி, பழைய துணிகளைச் செப்பனிட்டு விற்கும் கடை போட்டாள். முதலில் வந்தது பித்தான் அறுந்த ஒரு கம்பளிக் கோட்டு. மேசையில் கத்தரிக்கோலைக் கண்டதும் அதற்குச் சந்தேகம்.

"என்னை வெட்டத்தானே காத்திருக்கிறாய்?"

"பித்தான் தைத்ததும் உன்னை விற்றுவிடுவாள். எனக்கு உன்னிடம் என்ன வேலை?" என்றது கத்தரிக்கோல்.

"வெட்டுகிறவர்கள் இப்படித்தான் நைச்சியமாகப் பேசுவார்கள்."

யார் போட்டுப் பார்த்தாலும், இவர்களும் வெட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று கோட்டு தோளை இறுக்கிக்கொண்டது. "பிடிச்சிருக்குங்க, ஆனா கையத் தூக்க முடியல" என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆறு மாதம் பார்த்த மகிழினி, வெட்டிப் பையாவது தைக்கலாமென்று அதை மேசையில் விரித்தாள்.

"நான் அன்றைக்கே சொன்னேனே" என்றது கோட்டு, கிட்டத்தட்ட நிம்மதியோடு.