ஈர மண்ணில் ஐந்து விரல்

‘பீ...ப்!’ விசில் அலறியது. சிவப்புக் கொடி சடாரென்று மேலே போயிற்று.

மணல் குழியில் விழுந்து கிடந்த ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. நீளம் தாண்டுதலில் அதுதான் அவளுடைய கடைசித் தாவல். மாமல்லபுரம் கடற்கரை மைதானத்தில் அன்று வேறு எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் தாண்டவில்லை.

“பலகையைத் தாண்டி மிதிச்சிட்டே. ஃபவுல்!” என்றார் நடுவர் சதாசிவம். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையச் சந்தனம். வேறொரு பள்ளியின் டிரில் மாஸ்டர். சபரிமலைக்கு மாலை போட்டு இருபது நாள். காலில் நெருஞ்சி முள் தைத்து, அதைப் பிடுங்குவதற்காகக் காலையிலிருந்து இரண்டு தடவை போட்டியையே நிறுத்தியவர்.

“மிதிக்கல சார்! பலகைக்கு இந்தாண்டயே எகிறிட்டேன்!”

“மண்ணு பொய் சொல்லுமா? வந்து பாரு.”

மிதித்தால் தெரியட்டும் என்று பலகையை ஒட்டித் தூவியிருந்த ஈர மண்ணில் ஐந்து விரல்கள் பளிச்சென்று பதிந்திருந்தன.

“அப்போ எங்க ஸ்கூல் லோகநாயகிக்குத்தான் முதல் பரிசு. எழுதிக்குங்க” என்றார் சதாசிவம்.

கயிற்றுக்கு வெளியே நின்ற ஜெசிந்தாவின் அம்மா காசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஜெயித்தால் மகளுக்கு மெட்ராஸில் ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு. தோற்றால் நாளைக்கே நடவுக்குப் போகவேண்டியதுதான்.

“தூ! சாமிக்கு மாலை போட்டுகினு கீறாரு, அவராண்ட எதிர்த்துப் பேசறியா? வா வூட்டுக்கு!”

“கொஞ்சம் இருங்கம்மா” என்றபடி ஜெசிந்தாவின் டீச்சர் சகுந்தலா தடத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். மெட்ராஸ் பயிற்சியில் ‘பயோமெக்கானிக்ஸ்’ படித்துவிட்டு வந்தவள். ஓடும்போது மூட்டு எப்படி மடங்குகிறது, பாதம் எங்கே அழுத்துகிறது என்று பிள்ளைகளுக்குச் சாக்பீஸில் படம் போட்டுக் காட்டுவாள்.

“ஆரம்பிச்சிட்டாங்கப்பா!” என்றார் சதாசிவம். “ஓடறதுக்கு ஒரு புஸ்தகம், எகிறதுக்கு ஒரு புஸ்தகம். நாஸ்தா துன்றதுக்கும் ஒண்ணு கீதா டீச்சர்?”

மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். சகுந்தலா பக்கத்தில் கொஞ்சம் மண்ணை நனைத்துத் தட்டினாள்.

“ஜெசிந்தா, ஓடி வந்து இதுலேர்ந்து எகிறு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஓடி வந்து எகிறினாள்.

“இப்பப் பாருங்க. கட்டைவிரல் பள்ளம் பறிச்சிருக்கு. மண்ணு பின்பக்கமாக் குவிஞ்சிருக்கு. எகிறுற கால் மண்ணைத் தள்ளாம எகிற முடியாது.”

பிறகு பலகையை ஒட்டிய தடத்தைக் காட்டினாள். ஐந்து விரலும் ஒரே ஆழம். ஒரு பொட்டு மண்கூட நகரவில்லை. கோகுலாஷ்டமிக்கு மாவில் போட்ட பாதம் மாதிரி அழகாக இருந்தது.

“இது ஓடி வந்த கால் இல்ல. நின்னு நிதானமா அழுத்தின கால். அவ விழுந்தப்போ நாம எல்லாரும் குழியைத்தானே பார்த்துக்கிட்டிருந்தோம்?”

சிரிப்பு நின்றது.

“வேற எந்தப் பொண்ணாவது மிதிச்சிருக்கும்” என்றார் சதாசிவம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“பொண்ணுங்க எல்லாம் கயித்துக்கு அந்தாண்ட உட்கார்ந்திருக்காங்க.”

சகுந்தலா எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே சுற்றி நின்ற கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கான்வாஸ் ஷூ. வெள்ளைக் கான்வாஸ் ஷூ. மறுபடியும் கான்வாஸ் ஷூ. சட்டென்று அவள் பார்வை ஓரிடத்தில் நின்றது. வேப்பெண்ணெய் குடித்தவளைப் போல முகம் சுருங்கியது.

“சாமி, உங்க வலது காலைக் கொஞ்சம் இதுல வைங்க.”