மாப்பு சாட்சி

"அக்கா, கேட்டியளா? அந்த சஜுவ வெளிய விடப் போறானுவளாம்!"

பக்கத்து வீட்டு புஷ்பபாய் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது, சுகிர்தபாய் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"எந்த சஜு?"

"ராபின்சன் அண்ணன லாறி ஏத்திக் கொன்ன சஜுதான். வேற எந்த சஜு?"

ஆற்றில் மணல் அள்ளாதே என்று ராபின்சன் லாரியை மறித்து நின்றது போன வருஷம். ஏற்றச் சொன்னவர் மணல் முதலாளி. ஏற்றியவன் சஜு. இருவர் மேலும் கொலைக் கேஸ்.

"அவன் மாப்பு சாட்சி ஆயிட்டானாம் அக்கா. முதலாளிக்கு எதிரா சாட்சி சொல்லுவான். அதுக்குப் பதிலா அவனுக்கு மாப்பு. சர்க்கார் வக்கீல் காதும் காதும் வச்சது போல பேசி முடிச்சிட்டாராம்."

"மாப்பா?" சுகிர்தபாய் எழுந்தே விட்டாள். "செத்தது எனக்குத் தாலி கெட்டின மாப்பிள்ளை. மாப்பு குடுக்க அந்த வக்கீல் யாரு? என்னிட்ட ஒரு வார்த்தை கேக்கண்டாமா?"

ஊருக்கு இந்த ஒரு கேள்வி போதாதா! சாயங்காலத்துக்குள் ஆக்‌ஷன் கவுன்சில் தயார். தலைவர் விஜயதாஸ். அமரவிளையில் எந்தப் போராட்டத்துக்கு ஆக்‌ஷன் கவுன்சில் அமைத்தாலும் அவர்தான் தலைவர். மைக்கே தேவைப்படாத குரல் அவருக்கு.

"நாளைக்கு வக்கீலுக்க வீட்டு முன்ன தர்ணா. நீங்கதான் முன்ன இருக்கணும் அக்கா."

"நான் பேசலாமா தம்பி?"

"பின்னே! நீங்க பேசாம யாரு பேசுவா?"

"அவன் தூக்குல தொங்கணும்னு எனக்கு ஆசையில்ல. எனக்க முன்ன வந்து நிக்கட்டும். பிரேக்கு பிடிக்காம எதுக்கு ஏத்தினேன்னு எனக்க மொகத்தப் பாத்து சொல்லட்டும். அதக் கேட்ட பொறவு, மாப்பு குடுக்கவா வேண்டாமான்னு நான் சொல்லுகேன்."

"பிரமாதம்! இத அப்படியே மைக்குல சொல்லணும்."

மறுநாள் ஊரே ரோட்டில்தான். ஜீப்பில் மைக், கொடி, கோஷம். சுகிர்தபாய் சர்ச்சுக்குப் போகும் சேலையை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் நடந்தாள். பேச வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் பேச்சைக் கேட்க இத்தனை பேர்!

வக்கீல் வீட்டு கேட்டுக்கு முன்னால் விஜயதாஸ் முழங்கினார்.

"தாலி அறுத்தவளிட்ட ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இது ரகசிய ஒப்பந்தமாக்கும்! விடலாமா?"

"விடமாட்டோம்!"

சுகிர்தபாய்க்குப் புல்லரித்தது. மைக்கைப் பிடிக்க எழுந்தாள்.

"இருங்கக்கா, கூட்டம் இப்பந்தான் சூடாவுது" என்று விஜயதாஸ் அவளை உட்காரவைத்தார்.

அடுத்து ஒருவர் பேசினார். அதற்கடுத்து இன்னொருவர். அவள் மறுபடி எழுந்தாள்.

"அடுத்தது நீங்கதான் அக்கா, நீங்கதான்!"

அதற்குள் கேட் திறந்தது. வக்கீலின் குமஸ்தா தலையை நீட்டினார்.

"பேசித் தீக்கலாம்னு சார் சொல்லுகாரு. உள்ள வாங்க."

விஜயதாஸ் இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். சுகிர்தபாயும் பின்னாலேயே ஓடினாள்.

"நீங்க எதுக்கு அக்கா அலையுதிய? இது சட்டக் காரியமாக்கும். நெழலுல இருங்க."

கேட் மூடிக்கொண்டது. வெளியே கோஷம் வானைப் பிளந்தது. புஷ்பபாய்க்குத் தொண்டையே கட்டிவிட்டது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். விஜயதாஸ் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"வெற்றி! நமக்கு வெற்றி!"

பட்டாசு வெடித்தது. யாரோ சுகிர்தபாய் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். புஷ்பபாய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டாள். சுகிர்தபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு விஜயதாஸிடம் ஓடினாள்.

"சஜு வருவானா தம்பி? எனக்க முன்ன நிண்ணு சொல்லுவானா?"

"அதெல்லாம் நடக்காது அக்கா. வக்கீலும் நாங்களும் ஒரு தீர்மானத்துக்கு வந்தாச்சு."

"என்ன தீர்மானம்?"

விஜயதாஸ் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அதுவும் வரும் என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

"கேஸு முடியாம வெளிய சொல்லப்பிடாது."

"அப்பம் அவனுக்கு மாப்பு?"

"அது உண்டு. நாங்க எதிர்க்க மாட்டோம்னு எழுதி ஒப்புப் போட்டாச்சு."

"எனக்குச் சம்மதமான்னு கேக்காமலா?"

விஜயதாஸ் அவள் தோளில் சரிந்த மாலையைப் பரிவோடு நேராக்கினார்.

"கேக்காம இருப்பாரா? வக்கீலு மொதல்ல கேட்டதே அதத்தான் அக்கா. ஒங்களுக்கு வேண்டி நான் சம்மதம் குடுத்தாச்சு!"