சாவு வரிக்கு ஒரு ஓட்டு

"சாவு வரியை எடுத்தது பெரிய தப்புய்யா!"

இளையபெருமாள் போட்ட சத்தத்தில் அரியலூர் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து சீட்டில் பேப்பரை விரித்து வைத்திருந்த ராசாங்கத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன், சங்கத்து ஆள். உடையார்பாளையத்தில் ரைஸ் மில்லும் கடைத்தெருவில் கட்டடமும் வைத்திருப்பவர் இவர். செத்தவர் விட்டுப்போகும் சொத்துக்குப் போடுகிற வரியை இந்த எண்பத்தஞ்சாம் வருஷ பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள் என்றால், பஸ்ஸுக்கே மிட்டாய் வாங்கித் தர வேண்டாமா?

"நாங்க சொல்ல வேண்டியதை நீங்க சொல்றீங்களே அய்யா! ஒழைக்காம வர்ற சொத்துல கொஞ்சம் ஊருக்கும் வரட்டும்னு நாங்கதான் கத்திக்கிட்டு இருந்தோம்."

"கத்துனது பத்தலை தம்பி. இன்னும் கத்தியிருக்கணும்."

முன் சீட்டிலிருந்த பருத்தி வியாபாரி எகிறினார். "அப்பன் சம்பாதிச்சதைப் புள்ள அனுபவிக்கறதுக்கு எதுக்குய்யா வரி?"

"சும்மா அனுபவிச்சா அப்பன் அருமை எப்படிய்யா தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டார் இளையபெருமாள்.

"மே தினத்துக்கு நீங்கதான் அய்யா வந்து பேசணும்" என்று ராசாங்கம் சிரித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கவலை அவருக்கு.

சம்சாரம் போன பிறகு அவர் உடம்பைக் கவனிப்பதையே விட்டிருந்தார். நெஞ்சு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அலமாரியில் தூங்கியது. "போற நேரத்துல போறேன். எனக்கு யாரும் பண்டுவம் பாக்க வேணாம்" என்று மகன் அழகேசனிடமும் மருமகள் பூமாலையிடமும் எரிந்து விழுவார். அப்புறம், நாளைக்குப் பிள்ளை வரி கட்டி அவதிப்பட வேண்டாமே என்று, யாரிடமும் கேட்காமல் சொத்தை எல்லாம் மகன் பேருக்கு எழுதி வைத்தார்.

மறு வாரமே பூமாலை ஒரு சேதி கொண்டு வந்தாள்.

"எழுதிக் கொடுத்த நாள்லேருந்து ரெண்டு வருஷம் நீங்க உசிரோட இருக்கணுமாம் மாமா. நடுவுல ஏதாச்சும் ஆச்சுன்னா, எழுதினதையும் சேத்து வரி போட்ருவாங்களாம். சட்டமே அப்படித்தானாம்."

அடேயப்பா, அன்றைக்கு ஆரம்பித்தது ராஜ உபசாரம்! வேளை தவறாமல் மாத்திரை, மாதம் ஒரு தடவை டாக்டர், பனிக்கு மப்ளர், உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு. பிள்ளைக்கு நஷ்டம் வரக் கூடாதே என்று இவரும் முனகாமல் விழுங்கினார். உடம்பு தேறியது. அதைவிட, "இன்னும் ஒரு வாய் மாமா" என்று ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினால் சோறு எப்படி இறங்குகிறது என்று தெரிந்தது. சொத்துக்காகத்தான் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? இருந்துவிட்டுப் போகட்டுமே! அந்த வரியைக் கொண்டுவந்த புண்ணியவான் நல்லா இருக்கணும் என்று தினம் திருநீறு பூசும்போது மனசார வேண்டிக்கொள்வார்.

ரெண்டு வருஷம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் வரியையே எடுத்துவிட்டார்கள். இனி அவரை யார் சீந்துவார்கள்?

நல்ல வேளை, வீட்டில் இன்னும் தெரியாது. சலூனில் இவர் காதில் விழுந்ததோடு சரி. ரெண்டு நாளாக ரேடியோ பேசவில்லை, செல் தீர்ந்துபோனதாம். பேப்பரும் வரவில்லை, போடுகிற ஆளுக்குக் காய்ச்சலாம். நேற்று மாத்திரை வாங்க அரியலூர் போய்வந்த பூமாலையும் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவில் பாதி மாத்திரை இருக்கும்போதே வெயிலில் அலைந்துவிட்டு வந்திருந்தாள், பாவம்.

பஸ் நின்றதும் நேராக வக்கீல் செல்லப்பன் வீட்டுக்குப் போனார் இளையபெருமாள். போன வேகத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வக்கீல் சார், ஒரு ஒத்தாசை பண்ணணும். வரி போயிடுச்சுன்னு எங்க வூட்ல சொல்லிடாதீங்க. கேட்டா, இன்னும் இருக்குன்னு சொல்லுங்க. அந்தப் புள்ள கையால சாப்பிட்டுப் பழகிட்டேன் சார்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வரி இருந்தாலும் போனாலும் உங்களுக்கு ஒண்ணுதாங்க. ஊருக்குத்தான் நீங்க பெரிய பணக்காரர். உங்க சொத்து மதிப்புக்கு அந்த வரி வரவே வராது. நீங்க எழுதிக் கொடுத்த மறு வாரமே மகனும் மருமகளும் வந்து கேட்டாங்க. அப்பவே சொல்லிட்டேன்."

"அப்ப... அந்த ரெண்டு வருஷம்?"

"சட்டத்துல இருக்கறதுதான், உங்களுக்குப் பொருந்தாது. 'மாமாகிட்ட சொல்லிடாதீங்க சார். தனக்காகன்னா மாத்திரையைத் தொட மாட்டாரு, மகனுக்காகன்னா முழுங்கிடுவாரு'ன்னு சொல்லிச்சு உங்க மருமக."

இளையபெருமாள் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "ஆயி, என்னப் பெத்த ஆயி" என்று விம்மினார்.

"இதுக்கே அழுதா எப்படி? நேத்து அந்தப் பொண்ணு இதே நாற்காலியில வந்து உக்காந்துச்சு" என்றார் வக்கீல், சிரித்துக்கொண்டே. "'வரி போயிடுச்சாமே சார்! ரேடியோ செல்லைக் கழட்டி ஒளிச்சு வச்சிருக்கேன், பேப்பரையும் நிறுத்திட்டேன். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? மாமா நூறு வயசு வரைக்கும் இருந்தாத்தான் தப்பிக்கலாங்கற மாதிரி வேற ஏதாச்சும் வரி இருந்தா சொல்லுங்களேன்!'"