இடப்பக்க இருக்கை

இறந்துபோன மனைவி ஸ்டெல்லாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடித்து, முதல்முறையாகத் தனியாகக் கார் ஓட்டிப் போன அன்றுதான் அருளப்பனுக்கு டேஷ்போர்டுக்குள் அந்தக் கடகடப்பு கேட்டது. எங்கே தட்டியும் பிடிபடவில்லை.

"நான் ஓட்டுறேன் சார். நீங்க இந்தப் பக்கம் உக்காந்து ஒவ்வொரு இடமா அழுத்துங்க. எங்க நிக்குதோ, அதான் இடம்" என்றார் மெக்கானிக் காதர்.

கார் வாங்கிய பதினோரு வருடத்தில் அருளப்பன், ஸ்டெல்லா உட்காரும் அந்த இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. புறவழிச்சாலையில் காதர் வேகம் பிடித்து, ஒரு லாரியை உரசுவதுபோல் முந்தினார். சத்தம் நின்றது.

"எங்க சார் அழுத்துனீங்க?"

அருளப்பனின் கைகள் மடியில்தான் இருந்தன. முட்டிகள் இரண்டும் எதிரே இருந்த டேஷ்போர்டு மூடியில் முட்டுக்கொடுத்திருந்தன.

காதர் ஓரங்கட்டி மூடியைக் கழற்றினார். "கிளிப் உடைஞ்சு பல வருஷம் இருக்கும். இத்தனை நாள் எப்படிச் சத்தம் வராம இருந்துச்சு?"

அருளப்பன் குனிந்து பார்த்தார். மூடியில் அவர் முட்டி பட்ட இடத்துக்கு நாலு விரல் கீழே, சாயம் தேய்ந்து வழுவழுவென்று இரண்டு வட்டங்கள் இருந்தன. அவர் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் ஸ்டெல்லா ஒருமுறைகூட மெதுவாகப் போகச் சொன்னதில்லை.

காதர் ரப்பர் துண்டு ஒன்றைச் செருகி மூடியை மாட்டினார். திரும்பும் வழியில் காருக்குள் சத்தமே இல்லை.

"கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றார் அருளப்பன்.

காதர் நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தார்.