கர்சர் செய்த குற்றம்

“நான் தூங்கும்போது காலைத் தூக்கிச் சுவத்து மேல வைப்பேன்னு ஊருக்கெல்லாம் ஏன் சொன்னீங்க?”

கேட்டவன் தனேஷ். வயது முப்பத்தேழு, பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, அம்மா ஜெயலெட்சுமியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடல் பாலம் தாண்டி வந்திருந்தான். சூலியா தெருவில், நாணய மாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் திருமணத் தகவல் மையத்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

அவன் நீட்டிய கைப்பேசியை, அங்கே வேலை பார்க்கும் வெரோனிக்கா வாங்கிப் பார்த்தாள். மையத்தின் இணையப் பக்கத்தில் அவனைப் பற்றி அவள் எழுதியிருந்தது ஒரே வரி: ‘நற்குணம் உடையவர், குடும்பப் பாங்கானவர்.’ எல்லா மாப்பிள்ளைக்கும் அவள் எழுதுவது அந்த வரியைத்தான். இப்போது அதன் வயிற்றுக்குள் இன்னொரு வரி புகுந்து உட்கார்ந்திருந்தது.

‘நற்குணம் உடையவர், குறட்டை பலமாக வரும், காலைச் சுவரில் வைத்தால்தான் தூக்கம், சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டார், கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டார், மூன்றாம் நாள் அவரே வந்து சாரி சொல்வார், குடும்பப் பாங்கானவர்.’

வெரோனிக்கா அதை இரண்டு முறை படித்தாள். ஒவ்வொருவரின் விவரத்துக்கும் கீழே அலுவலகக் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. வெளியாருக்குத் தெரியாது. அதில் அவள் வாய்க்கு வந்ததை எழுதுவாள். ‘அத்தர் வாடை தாங்கவில்லை’, ‘அம்மா பேசுவார், மகன் தலையாட்டுவார்’ என்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு எழுதினால் யாருக்கு எதை எழுதினோம் என்று எப்படி ஞாபகம் இருக்கும்?

முதலாளி நாதன் உள்ளறையிலிருந்து வந்து படித்தார். போன மாதம்தான் ஒரு மணப்பெண்ணின் உயரத்தை ஒன்பதடி என்று போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் வெரோனிக்கா. இன்னொரு தப்பு நடந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று அன்றே சொல்லிவிட்டார்.

“நான் இல்லண்ணே! திங்கக்கிழமை பிரவுசர் தானா அப்டேட் ஆயிடுச்சு. அதுலேர்ந்து கர்சர் வெச்ச இடத்துல நிக்க மாட்டேங்குது.”

“யாரும்மா அந்தக் கர்சர்?” ஜெயலெட்சுமி எழுந்தே விட்டார். “மொதல்ல அவனைக் கூப்பிடு! என் புள்ள வாழ்க்கையைக் கெடுத்துட்டானே!”

“ஆளு இல்ல ஆன்ட்டி. டைப் பண்ற இடத்துல கண்ணு சிமிட்டிக்கிட்டு நிக்குமே ஒரு கோடு, அது.”

“கோடா? கோடு வந்து என் மகனைக் குறட்டை விடறான்னு சொல்லுமா?”

வெரோனிக்கா கணினியைத் திருப்பிக் காட்டினாள். குறிப்புக் கட்டத்தில் மவுஸால் ஒரு தட்டு தட்டிவிட்டு ‘வணக்கம்’ என்று அடித்தாள். அடித்தது அங்கே வரவில்லை. கர்சர் மேலே தாவி, ஊர் பார்க்கும் கட்டத்துக்குள் போய் நின்றது. ‘நற்வணக்கம்குணம் உடையவர்’ என்று தனேஷ் புது அவதாரம் எடுத்தான்.

“பார்த்தீங்களாண்ணே?”

நாதன் தாடையைத் தடவினார். “தாவுது, ஒத்துக்கறேன். ஆனா உள்ள எழுதினதுதானே வெளிய தாவும்? உள்ள எழுதினது யாரு?”

எழுதியிருப்போமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

“அதெல்லாம் எனக்கு வேணாம் லா, எல்லாத்தையும் அழிங்க,” என்றான் தனேஷ். “ஃபேக்டரியில ஒருத்தன் விடாம சிரிக்கிறான். நேத்து என் லாக்கர்ல கால் படம் ஒட்டியிருக்கான்.”

“சாரி சார், இப்பவே அழிச்சிடறேன்,” என்றாள் வெரோனிக்கா. கண்ணில் நீர் முட்டியது.

அந்த நேரம் பார்த்து மேசைத் தொலைபேசி அடித்தது. அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

“ஹலோ, நான் சாந்தினி, ஜுருவுலேர்ந்து பேசறேன். கார் கம்பெனியில வேலை. உங்க வெப்சைட்டுல நூறு மாப்பிள்ளை பார்த்துட்டேன், நூறு பேரும் நற்குணம். ஒருத்தர்தான் மனுஷன் மாதிரி இருக்கார். தனேஷ்னு பேரு.”

தனேஷ் மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“அவரு மூணாம் நாள் சாரி சொல்றது நெசமா? நெசம்னா நான் பேசணும். இன்னொண்ணு, நானும் குறட்டை விடுவேன். அவருக்குப் பரவாயில்லையான்னு கேட்டுச் சொல்லுங்க.”

மூன்று வருடங்களுக்கு முன் ரசீதும், தன் விவரத்தைத் தானே திருத்த ஒரு பாஸ்வேர்டும் வாங்கிக்கொண்டு போனதிலிருந்து தனேஷை விசாரித்து ஒரு பெண்கூட அழைத்ததில்லை. அவன் முகம் காதுவரை சிவந்தது. சாந்தினியின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தன் கைப்பேசியோடு படிக்கட்டுப் பக்கம் நழுவினான். “பரவால்ல... எனக்குப் பரவால்ல...” என்று அவன் குழைவது உள்ளே கேட்டது.

நாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எதையும் அழிக்காதே. அந்த வணக்கத்தை மட்டும் எடு.” பை தூக்கும் பேச்சையே எடுக்காமல் உள்ளறைக்குப் போய்விட்டார்.

வெரோனிக்கா மேசைமேல் கவிழ்ந்து பெருமூச்சு விட்டாள். வேலை பிழைத்தது.

ஜெயலெட்சுமி படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு வெரோனிக்காவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

“ஏம்மா, முந்தாநாள் அவன் பாஸ்வேர்டு போட்டு நான் அடிச்சதுல நாலு குறை விட்டுப்போச்சு, அதையும் சேர்த்துடறியா?”