பச்சை விளக்கு

வெள்ளத்தில் தலைமைத் தொலைபேசி நிலையத்திலிருந்து சரியான நேரம் கொண்டுவரும் கம்பி அறுந்ததும், மலைத் தொலைபேசிக் கோபுரத்திலிருந்த மங்கையர்க்கரசி தன் கருவியின் கடிகாரத்தை ஆற்றங்கரை நிலையத்தைப் பார்த்து ஓடும்படி மாற்றினாள். அங்கே பணியிலிருந்த சேவியர் தன்னுடையதை அவளுடையதைப் பார்த்து ஓடும்படி மாற்றியிருந்தார். இரண்டும் ஒன்றையொன்று நம்பிக்கொண்டு, சேர்ந்தே தப்பாக ஓடின. இரண்டும் ஒத்துப்போனதால் கருவியின் விளக்கெல்லாம் பச்சை. நேரம் தப்பியதால் அழைப்புகள் மட்டும் பாதியில் அறுந்தன. வெள்ளத்தில் சிக்கியவர்கள் கூப்பிடும் மீட்பு எண்ணும் அவள் மேசைக்குத்தான் வந்தது. “கழுத்து வரைக்கும் தண்ணி, புள்ளையத் தோள்மேல வச்சிருக்கேன், நாங்க இருக்கிற எடம்...” மூன்றாவது முறையும் அங்கேயே அறுந்தது. இருவரில் ஒருவர் மட்டும் சொந்தக் கடிகாரத்தில் ஓட, மற்றவர் அதைப் பின்பற்றியாக வேண்டும். மாற்றினாள். அதே கணம் அவரும் மாற்றினார். சிவப்பு. பதறி இருவருமே பழையபடி மற்றவருடையதைப் பார்த்து ஓடும்படி பின்வாங்கினார்கள். பச்சை. குறுகிய வாசலில் வழிவிட்டு வழிவிட்டே மோதிக்கொள்பவர்களைப் போல, மறுபடியும், மறுபடியும். “சேவியர் சார், நான் மாத்துறேன், நீங்க தொடவே...” அதுவும் அறுந்தது. எந்தப் பாதி அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ. கடைசியாக ஒருமுறை மாற்றிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து அவற்றின்மேலேயே உட்கார்ந்தாள். சிவப்பு. சிவப்பு. பிறகு பச்சை. இவ்வளவு நேரம் ஏமாற்றியதும் இதே பச்சைதான். மீட்பு எண் ஒலித்தது. ஒரு கையை மட்டும் உருவி எடுத்தாள். இந்த முறை பேசியது தோள்மேல் இருந்த அந்தப் பிள்ளை.